இரண்டு பவுண்டு பாடம்

1896 குளிர்காலத்தில், பெங்களூர் கண்டோன்மென்டில் இருந்த ஓர் இளம் குதிரைப்படை அதிகாரிக்கு 'எத்திக்ஸ்' என்றால் என்னவென்று தெரிய வேண்டியிருந்தது. பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். இருபத்திரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் பேச்சுவாக்கில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுப் போக, அது மனதில் ஒட்டிக்கொண்டது. ஹாரோ பள்ளியிலும் சொல்லித்தரவில்லை, சாண்ட்ஹர்ஸ்டிலும் சொல்லித்தரவில்லை. சொற்கள் நிறையச் சேர்த்துவைத்திருந்தும் பலவற்றுக்குச் சரியான பொருள் தெரியாமல், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கூச்சப்பட்டதை 1930-இல் வெளியான தன் இளமைக்கால நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் விளக்க ஆள் கிடைத்தால் இரண்டு பவுண்டு கொடுத்திருப்பாராம். பெங்களூரில் ஆளே இல்லையாம்.

இரண்டு பவுண்டு அன்றைக்கு ஏறக்குறைய 30 ரூபாய். தாராளம்தான். ஆனால் 1899-இல் பெங்களூரில் இருந்த கிளப் வராக்கடன் என்று எழுதித் தள்ளிய கணக்குகளில் சர்ச்சில் பெயரில் 13 ரூபாய் இருந்தது.

ஆள் கிடைக்காததால் புத்தகத்தில் இறங்கினார். அம்மாவுக்கு எழுதி கிப்பன், மெக்காலே என்று வரவழைத்து, மதிய வெயிலில் எல்லோரும் படுத்துக்கிடக்க, போலோ ஆட்டம் தொடங்கும்வரை படித்தார். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டார்வின் எல்லாம் பெங்களூரில் படித்தவைதான். எத்திக்ஸுக்கு வேர் 'ஈதோஸ்' என்னும் கிரேக்கச் சொல். பழக்கம், குணம் என்ற பொருள் பிறகு வந்தது; ஹோமர் காலத்தில் அது குதிரைகள் வழக்கமாகத் திரியும் இடம். லாயத்தில் காலையைக் கழித்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக எந்தப் பேராசிரியர் தொடங்கியிருக்க முடியும்? இவ்வளவு படித்தவர் பின்னாளில் பிரதமரானபோது அவருடைய அரசுதான் 1943-இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் சாகும்போது தானியக் கப்பல் ஒதுக்கத் தயங்கியது. படிப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று எனக்கு இதை நினைக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது.

பெங்களூரில் ஆள் இல்லை என்றதைத்தான் நம்ப முடியவில்லை. கப்பன் பூங்காவைத் தாண்டினால் சென்ட்ரல் காலேஜ். குதிரையில் போனால் அதிக நேரம் ஆகாது. மெட்ராஸ் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பையன்கள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பூங்காவுக்கு இந்தப் பக்கம் தண்டு என்னும் கண்டோன்மென்ட், அந்தப் பக்கம் பேட்டை என்னும் பழைய ஊர். தண்டுக்காரர் அந்தப் பக்கம் பாடம் கேட்கப் போவதாவது!

அந்தக் கல்லூரியில் சர்ச்சில் வருவதற்குச் சற்று முன்புதான் படித்து முடித்துப் போயிருந்தார், ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளிப் பையன் ஒருவர். சர்ச்சில் அந்நாளில் 'சாக்ரடீஸ் யார், அவரை ஏன் கொன்றார்கள்?' என்றும் திணறிக்கொண்டிருந்தார். அந்த சாக்ரடீஸ் கதையை, தொரப்பள்ளிப் பையன் ராஜாஜியாகிப் பின்னாளில் தமிழிலேயே எழுதினார். மார்க்கஸ் அரேலியசையும் விட்டுவைக்கவில்லை. நம் வாசகர்கள் யாரும் அதற்கு இரண்டு பவுண்டு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.