வஸ்லித் தாளில் ஒரு வீடு



நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொருள் அறியும் முன்பே குர்ஆன் ஓதப் பழகுகின்றனர். அந்த வயதில் கண்ணில் முதலில் பதிவது எழுத்தின் வடிவமே. 1969இல் லாகூரில் பிறந்த ஓவியர் ஷாஸியா சிக்கந்தரும் இவ்வாறே ஓதி வளர்ந்தவர். பொருள் புரியாமல் ஓதிய அந்நாட்களைப் பற்றித் தம்முள் எஞ்சியிருப்பது எழுத்தழகின் நினைவே என அவர் ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார்.

அவருடைய வாழ்வை நாங்கள் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் மகள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த அவள், ஓவியக் கல்லூரியில் சேர விரும்புவதாகச் சொன்னாள். செய்தி குடும்பத்தில் பரவிற்று. "பொழுதுபோக்காக வரையட்டும், படிப்பாக எதற்கு?" என்றார் சாச்சா. "பெண்பிள்ளைக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்டார் மாமி. இருவரும் அவள்மீது அன்பு கொண்டவர்கள். ஆகவே அக்கேள்விகளை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. ஓவியம் என்பது முறையாகக் கற்க வேண்டிய படிப்புதானா என்பதை முதலில் அறிய விரும்பினோம்.

சிக்கந்தர் பயின்றது லாகூரின் தேசியக் கலைக் கல்லூரியில். 1875இல் மேயோ கலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. முகலாயர் அவைகளில் செழித்த சிற்றோவியக் கலை, அவருடைய மாணவப் பருவத்தில் சுற்றுலாப் பயணிகள் வாங்கிச் செல்லும் நகல்களின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இளைஞர் பலர் அதைப் பழம்பொருளாகவே கருதினர். அவரோ அதையே தேர்ந்தார். அக்கலையைக் கல்லூரிப் பாடமாக நிலைநிறுத்திய பஷீர் அகமது அவருக்கு ஆசிரியராக அமைந்தார்.

அப்பயிற்சி உடலையும் பொறுமையையும் ஒருங்கே கேட்பது. மாணவர் தரையில் அமர்ந்து பலகையை மடியில் சார்த்தி வரைவர். மெல்லிய தாள்களைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வஸ்லி என்னும் தடித்த தாளைத் தாமே செய்வர். அதன் மேற்பரப்பைச் சோழியாலோ கல்லாலோ தேய்த்து வழவழப்பாக்குவர். அணில் வால் மயிரைக் கொண்டு தூரிகை கட்டுவர். பின்னர் முன்னோரின் ஓவியங்களைப் பார்த்துப் பல மாதங்கள் படி எடுப்பர். கோடு நடுங்காதிருக்கப் பழகிய பிறகே சொந்தக் கற்பனைக்கு இடம் கிடைக்கும்.

இவ்வாறு பழகிய கையால் அவர் பட்டப்படிப்பின் இறுதியில் வரைந்த ஓவியம் 'தி ஸ்க்ரோல்' (1989–90). உயரம் ஓரடிக்குச் சற்று அதிகம். நீளம் ஐந்தடிக்கு மேல். வண்ணங்களோடு தேநீர்ச் சாயமும் அதில் கலந்திருக்கிறது. பழைய சிற்றோவியங்களில் அரசவையும் வேட்டையும் போரும் இடம்பெறும். இவரோ ஒரு வீட்டை வரைந்தார். வெண்ணிற உடையணிந்த இளம்பெண்ணொருத்தி நிழல்போல அறைக்கு அறை நகர்கிறாள். சுற்றிலும் குடும்பத்தாரின் அன்றாட வேலைகள் நடக்கின்றன. அவள் முகத்தை நாம் எங்கும் காண்பதில்லை. இறுதியில் வெளியே வந்து, வெள்ளுடைப் பெண்ணொருத்தியின் உருவத்தைத் தானே தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இதைக் கணினித் திரையில் பார்த்தபோது நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. எல்லா அறைகளிலும் இருந்தும் எவர் கண்ணிலும் படாத மகளிர் நம் வீடுகளிலும் உண்டல்லவா?

அந்த ஓவியம் லாகூரில் ஒரு தலைமுறையையே சிற்றோவியத்தின் பக்கம் திருப்பியது. தாம் பயின்ற துறையிலேயே பாடம் நடத்திய முதல் பெண்ணாகவும் அவர் ஆனார். 1993இல் அமெரிக்கா சென்று ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் 1995இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 2006இல் மெக்ஆர்தர் நல்கையைப் பெற்றார். சிற்றோவியத்தின் நுண்கோடுகளை அவர் சுவரளவுக்கு விரித்தார், அசையும் படங்களாக்கினார். கோபியரின் கூந்தல் முடிச்சுகள் அவர்களின் தலையினின்று பிரிந்து பறவைக் கூட்டம்போல் பறப்பது அவர் படைப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் உருவகம். பாதங்களுக்குப் பதிலாக வேர்கள் தொங்கும் பெண்ணுருவம் மற்றொன்று. அவ்வேர்கள் மண்ணைத் தேடுவதில்லை, தம்மையே பின்னிக்கொள்கின்றன.

உருவம் வரைவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை நாம் அறிவோம். அதற்குத் தீர்ப்புக் கூறும் தகுதி எங்களுக்கில்லை. சிக்கந்தரின் படைப்புகளிலும் நாங்கள் தயங்கி நின்றவை உண்டு. தயக்கம் எதிலே என்று மகளோடு அமர்ந்து பேச முடிந்ததே எங்களுக்கு நன்மையாயிற்று.

தயக்கத்துக்கும் வன்மத்துக்கும் இடையே பெரும் தொலைவிருக்கிறது. 'விட்னஸ்' என்னும் அவருடைய பொன்னிறப் பெண்சிலை 18 அடி உயரமுடையது. பின்னல்கள் ஆட்டுக்கிடாயின் கொம்புகளாய் வளைந்திருக்கும். 2024இல் அது ஹூஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்பட்டபோது, கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவ அமைப்பினர் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு ஜூலையில், புயல் வீசிய பொழுதில், எவரோ அதன் தலையைத் துண்டித்தனர். அதைச் சீர்செய்ய வேண்டாம் என்றார் சிக்கந்தர். நடந்ததை மூடி மறைப்பதைவிட, வருவோர் கண்டறிவதே முறை என்பது அவர் எண்ணம்.

மாமியின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை எளியது. நிலத்தில் அமர்ந்து ஒரு கோட்டைத் திருத்தமாக வரைய மாதக்கணக்கில் உழைப்பவளுக்குப் பொறுமை வாய்க்கிறது. முன்னோரின் கலையை முறையாகக் கற்றவளுக்கே அதனுள் தன் வீட்டைக் கொண்டுவரும் துணிவும் வருகிறது. மரபு அவளுக்குத் தடையாகவில்லை. ஏறி நிற்கும் படியாயிற்று. சாச்சா இன்னும் முழுமையாக இணங்கவில்லை. ஆயினும் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய ஓவியங்களைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்.

மகள் தேர்வு பெறுவாளா என்பது இறைவன் கையில். சேர்ந்தால் அக்கறையோடு கற்க வேண்டும் என்பதே நாங்கள் அவளிடம் வைத்த ஒரே நிபந்தனை. நம் வீட்டுப் பெண்மக்களுக்கு அல்லாஹ் அளித்திருக்கும் ஆற்றல்களைக் காணும் கண்களையும், அவற்றை நல்வழியில் வளர்க்கும் பொறுமையையும் அவனே நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.