எத்தனை மணிக்கு இறங்குகிறாய்?

2024 டிசம்பர் 14, சனி

ஜெர்மனியில் படிக்கும் தம்பி மகள் காலையில் கூப்பிட்டாள். பொங்கல் முடிந்த கையோடு வருகிறாளாம்.

"பெரியப்பா, ஏர்போர்ட்லேருந்து வீட்டுக்கு எப்படி வரணும்னு மட்டும் சொல்லுங்க. நீங்க அலைய வேண்டாம்."

"எத்தனை மணிக்கு இறங்குற?"

"வழி கேட்டா நேரம் கேக்குறீங்களே!"

அவள் பழகிய ஊர் அப்படி. ஃபிராங்ஃபர்ட்டில் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. கால் மணி நேரத்தில் நகரத்தின் பெரிய ஸ்டேஷனில் போய் நிற்கலாம் என்பாள். சென்னையிலும் வழிகளுக்குக் குறைவில்லை. மெட்ரோ இருக்கிறது, திரிசூலத்தில் மின்சார ரயில் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் வரிசையாக வருகிறது. ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணிக்குக் கண் விழித்து இரவு பதினொன்றுக்குப் படுத்துவிடும். மின்சார ரயில் அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கும், நாலு மணி வாக்கில். வெளிநாட்டு விமானங்களில் நிறைய வந்து இறங்குவது இவை இரண்டும் தூங்கும் அந்த இடைவெளியில்தான். ஐரோப்பாவில் சாவகாசமாகக் காலைக் காப்பி குடித்துவிட்டு ஏறினால் இங்கே நடுநிசி. அதே விமானம் திரும்பிப் போய் அவர்களுடைய விடியலில் இறங்க வேண்டுமானால் இங்கிருந்து ராத்திரியே கிளம்பியாக வேண்டும். அவர்கள் வசதி, நம் தூக்கம்.

எங்கள் குடும்பத்தில் ஏர்போர்ட்டுக்குப் போகிற ஆள் நான்தான். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. கல்யாணத்தில் பந்தி விசாரிக்க ஒருவர், ஆஸ்பத்திரியில் ராத்தங்க ஒருவர் என்று இருப்பதுபோல. எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. அதனாலேயே எல்லா வழியும் அத்துப்படி. கையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் காப்பி இருக்கும்.

"ராத்திரி பன்னிரண்டே முக்கால்" என்றாள்.

"அப்போ ஒரே வழிதான்" என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

மனைவியின் தம்பி குவைத்திலிருந்து வந்தான். விமானம் இரண்டு இருபதுக்கு. ஒரு மணிக்கே போய்க் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுவிட்டேன். 2023-இல் திறந்த புதிய முனையம் பளபளவென்று இருக்கிறது. தூண்களிலும் கூரையிலும் கோலமும் கோயிலும். கம்பிக்கு இந்தப் பக்கம் மட்டும் எந்த முனையம் வந்தாலும் மாறுவதில்லை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். பாட்டி, இரண்டு பெண்கள், அப்பாவை முதல்முறையாகப் பார்க்கப்போகிற ஒரு கைக்குழந்தை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம்.

வெளியே வருகிறவர்களின் பெட்டிகளைப் பார்த்தே எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். வளைகுடாக்காரர்களுடையது அட்டைப்பெட்டி. நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கட்டை எழுத்தில் பெயர், ஊர், மாவட்டம். தபால் பார்சல்போல. ஆள் தொலைந்தாலும் பெட்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

என் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர் ஒரு மணி விமானத்தில் வந்தவர். ராமநாதபுரம் போக வேண்டியவர். அழைக்க யாரும் வரவில்லை, வரச் சொல்லவும் இல்லையாம். விடிந்ததும் பஸ் பிடித்துக் கிளாம்பாக்கம் போகிறார். முன்பெல்லாம் கோயம்பேட்டுக்குப் போய், அங்கே ஊர் பஸ் ஏறி, இதே ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் தெற்கே திரும்ப வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் அந்தக் கூத்து இல்லை.

"டவுனுக்குள்ள நமக்கு என்ன சார் வேலை? அது எதிர்த்திசை" என்றார்.

சென்னையில் இறங்குகிறவர்களெல்லாம் சென்னைக்கு வருகிறவர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஃபிளாஸ்க்கில் பாதிக் காப்பி அவருக்குப் போனது.

மைத்துனன் வெளியே வரும்போது மூன்றேகால். ப்ரீபெய்ட் டாக்ஸியில் சீட்டு வாங்கி ஏறினோம். செயலியில் கூப்பிட்டிருந்தால் வண்டி முனைய வாசலுக்கு வராது. பல அடுக்குக் கார் நிறுத்தம்வரை பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று அட்டைப்பெட்டியோடு அது ஆகாது.

அந்த நேரத்து மவுண்ட் ரோடு எனக்குப் பிடிக்கும். கத்திப்பாராவில் நாலு திசையிலிருந்தும் வரும் வளைவுகள் காலியாகக் கிடக்க, நேரு சிலை மட்டும் விழித்திருக்கிறது. கிண்டி, பிறகு சைதாப்பேட்டைப் பாலம். இந்த இடத்தில் அடையாற்றுக்கு முதலில் பாலம் கட்டியது வெளியூரிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட ஒருவர்தான்: ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726-இல், சொந்தப் பணத்தில். பரங்கிமலைக்குப் போகும் யாத்ரீகர்கள் ஆற்றில் இறங்காமல் போகட்டும் என்று. கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகிற சாலை என்பதால்தான் இதற்கு மவுண்ட் ரோடு என்று பெயர். ஆக, ஏர்போர்ட்டுக்குப் போகும் வழி ஏர்போர்ட்டைவிட இருநூறு வயது மூத்தது. உஸ்கானின் பாலம் இப்போது இல்லை. அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம்.

மைத்துனனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தூங்கிவிட்டிருந்தான். தேனாம்பேட்டையில் மேம்பால வேலைத் தடுப்புகளைத் தவிர வேறு தடங்கல் இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் திருவல்லிக்கேணி. பகலில் இதே தூரம் ஒன்றேகால் மணி நேரம்.

டிசம்பர் 28, சனி

மனைவியின் சிநேகிதி யாழ்ப்பாணத்திலிருந்து. மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருக்கிறார். பலாலியிலிருந்து பகல் விமானம். கடல் தாண்ட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தையே மறந்துவிட்டார்கள். "அங்க வந்து இறங்கினா யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு இரவு வேணும். இது பக்கத்து வீடு மாதிரி" என்றார்.

பகல் என்பதால் மெட்ரோ. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. நானே கட்டியதுபோல நடந்துகொள்வேன் என்று வீட்டில் கிண்டல். 2016 செப்டம்பரில் ஏர்போர்ட்வரை வந்தபோது அது சின்னமலையோடு நின்றது. சின்னமலையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேச எதற்கு மெட்ரோ என்று அப்போது கேட்டேன். 2018-இல் டி.எம்.எஸ். வந்தது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைவரை முழுசாகத் திறந்து, எல்.ஐ.சி.யும் சென்ட்ரலும் ஒரே கோட்டில் வந்தபிறகுதான் வாயை மூடினேன்.

அவருக்கு வேண்டியது வடபழனி. லாட்ஜ் அங்கே. ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டியிருந்தது, மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் இடையே. இங்கே ஒரு குறிப்பு எழுதிவைக்கிறேன், தம்பி மகளுக்கும் சொல்ல வேண்டும்: நாம் எல்லாரும் இன்னும் 'மீனம்பாக்கம்' என்றுதான் சொல்கிறோம். முனையங்கள் எண்பதுகளிலேயே திரிசூலத்துக்கு மாறிவிட்டன. மெட்ரோவில் மீனம்பாக்கம் என்று தனி ஸ்டேஷன் இருக்கிறது, ஏர்போர்ட்டுக்கு ஒன்று முன்னால். நம் பேச்சைக் கேட்டு விமானம் பிடிக்க வருகிற அப்பாவி அங்கே இறங்கிவிடுவார். இன்றும் ஒருவர் இறங்கினார். பெட்டியோடு பிளாட்பாரத்தில் நின்று, மூடிய கதவைப் பார்த்தார்.

ஆலந்தூருக்கு முன் ஜன்னலில் பரங்கிமலை தெரிந்தது. நில அளவையாளர் லாம்டன் 1802-இல் இந்தியாவை அளக்கத் தொடங்கிய கோட்டின் ஒரு முனை இங்கேதான்; மறுமுனை பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று. ஏழரை மைலைச் சங்கிலி வைத்து அளக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனதாம். சிநேகிதி கேட்டுவிட்டு, "அப்ப இப்பவும் நாங்கள் அளந்து அளந்துதான் போறமோ தம்பி?" என்றார். பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலுக்கிடையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏர்போர்ட் ரயிலில் பெட்டி வைக்க ஒரு இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான்.

வடபழனியில் இறங்கினால் லாட்ஜ் எண்ணூறு மீட்டர். ஆட்டோ நூற்றைம்பது கேட்டார். அதுவரை இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்ததே அதில் பாதிதான் இருக்கும்.

நகர மையம் எது என்பது ஆளைப் பொறுத்தது. சிநேகிதிக்குத் தி.நகர், அங்கேதான் புடவை. ராமநாதபுரத்துக்காரருக்குக் கிளாம்பாக்கம். எனக்கு என் தெரு முனை. வழிகாட்டிப் பலகைகள் சென்ட்ரல் என்கின்றன. பாரிமுனைதான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அநேகமாக வக்கீல்கள்.

2025 ஜனவரி 10, வெள்ளி

பொங்கல் கூட்டம். கீழ்வீட்டுப் பையன் சிங்கப்பூருக்குத் திரும்புகிறான், ராத்திரி விமானம். அவன் அப்பா காரில் விடுகிறேன் என்றார். ஊர் முழுக்கத் தெற்கே கிளம்பும் மாலையில் கிண்டிக்கு அப்பால் காரை எடுப்பதா? விமானம் போனபின்தான் போய்ச் சேரலாம். பிடிவாதமாக மெட்ரோவில் ஏற்றினேன். ஆலந்தூர்ப் பக்கம் மேலேயிருந்து பார்த்தால் ஜி.எஸ்.டி. சாலை சிவப்பு விளக்குகளாக உறைந்து நின்றது. பையன் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினான். பதில் வரவில்லை.

அவனை உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பும்போது வேண்டுமென்றே திரிசூலத்துக்கு நடந்தேன். சுரங்கப்பாதையில் சாலையைத் தாண்டினால் ஸ்டேஷன். இந்தப் பாதையில் மின்சார ரயில் 1931-இலிருந்து ஓடுகிறது. விமான முனையத்துக்கு எதிரிலேயே, ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட்டோடு ஒரு ரயில். இப்படிப்பட்ட வசதி உலகத்தில் எத்தனை ஊருக்கு இருக்கும்? ஆனாலும் முனையத்திலிருந்து வெளியே வருகிறவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறவர்கள்: பெருக்குகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள், சீருடையில் தூங்கி வழியும் காவலர்கள். பிளாட்பாரத்துக்குப் பின்னால் பாதி தின்ற லட்டுபோலத் திரிசூலம் குன்று.

வழியில் பறக்கும் ரயிலுக்கு மாறி, திருவல்லிக்கேணி. பத்தே முக்காலுக்கு வீடு.

ஜனவரி 12, ஞாயிறு

பேப்பரில் மறுபடி பரந்தூர். இரண்டாவது விமான நிலையம் வந்தால் நகரத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அது வருமுன்பே அங்கே ஏகனாபுரத்துக்காரர்கள் 2022-இலிருந்து நிலம் போகக் கூடாது என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் எப்படிப் போய்ச் சேருவோம் என்று நான் யோசிக்கிறேன். அவர்கள் எங்கே போவோம் என்று.

ஜனவரி 19, ஞாயிறு, விடியற்காலை

தம்பி மகள் என்னை வரவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். கம்பிக்கு வெளியே நிற்காத ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பழக்கதோஷத்தில் காப்பி போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டேன்.

ஒன்று நாற்பதுக்குச் செய்தி: "பெட்டி வந்துடுச்சு." இரண்டு ஐந்துக்கு: "டிரைவர் போன் பண்ணி கேஷா, ஜிபேயான்னு கேட்டுட்டு கேன்சல் பண்ணிட்டார்." இரண்டு பதினைந்துக்கு இன்னொரு வண்டி. இருக்குமிடத்தைப் பகிர்ந்திருந்தாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி.

கார் நிறுத்தத்திலேயே அது வெகுநேரம் கிடந்தது. பிறகு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கத்திப்பாரா. கிண்டி. சைதாப்பேட்டைப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு நிமிடம். மூன்று. எழுந்து சட்டையை மாட்டினேன், அங்கே எப்படிப் போவேன் என்பது வேறு விஷயம். போன் சிக்னல்தான் போலிருக்கிறது. அடுத்த பார்வையில் புள்ளி ஜெமினியைத் தாண்டியிருந்தது.

கீழே இறங்கிக் கேட்டைத் திறந்து வைத்தேன். தெரு நாய்கள் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தன. வண்டி வந்து நின்றதும் அவள் இறங்கி, "தூங்கலையா பெரியப்பா?" என்றாள். டிரைவர் பெட்டியை இறக்கினார். சின்னப் பையன், கண் சிவந்திருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு வண்டி எடுத்தவராம்.

"வீட்டுக்கா இப்போ?" என்று கேட்டேன்.

"இல்ல சார். திரும்ப அங்கதான். நாலு மணிக்கு துபாய் இருக்கு."

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வண்டியில் சாய்ந்து நின்றபடியே குடித்தார். இரண்டாவது மூடியும் வாங்கிக்கொண்டார்.