மூன்றாந் தரம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் பரீட்சை ஜீ.ஆர்.ஈ. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளிகள். என் தம்பியின் மகள் 2022 ஜனவரியில் அதனை முதன்முறை எழுதினாள். கணிதத்தில் 164, மொழியில் 146. எழுதி முடித்ததும் கணினித் திரையிலேயே இவை தெரிந்துவிடும். வீடு திரும்பியவள் இரண்டு நாட்கள் எவருடனும் பேசவில்லை.

இருபத்தொரு நாள் இடைவெளி விட்டு, பன்னிரண்டு மாதத்துள் ஐந்து தரம் வரை எழுதலாம் என்பது விதி. ஆனால் கட்டணம் இருநூறு டொலருக்கு மேல். ஜனவரியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360. வீட்டிலிருந்தே எழுதும் வசதி 2020இல் வந்திருந்ததுதான். மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டுக் கண்ட நாட்டில் அதனை நம்பி யார் கணினி முன் அமர்வார்? தம்பி மனைவியின் காப்புகள் அடகுக்குப் போயின. ஜூனில் இரண்டாந் தரம் எழுதினாள். இடைப்பட்ட மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை மனனம் செய்திருந்தாள். மொழியிற் கிடைத்தது 147.

"பெரியப்பா, இன்னொருக்கா எடுக்கட்டோ?"

தகப்பனிடம் கேட்க அவளுக்குத் துணிவில்லை. எங்கே பிழைத்தாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பரீட்சை நடத்துவோர் இலவசமாக வெளியிட்டுள்ள மாதிரி வினாத்தாள்களை எழுதச் செய்து, பிழைத்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒற்றை வரியில் ஒரு கொப்பியிற் குறிக்கச் சொன்னேன்.

ஒரு மாதத்தின் பின் கொப்பியோடு வந்தாள். நாற்பத்திரண்டு பிழைகள். சொல்லின் பொருள் தெரியாமல் நேர்ந்தவை ஒன்பது மட்டுமே. அரைவாசிக்கு மேற்பட்டவை, பந்தியில் ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டதால் வந்தவை. மிகுதி அவசரத்தின் விளைவு. 2022இல் இருபது வினாக்களுக்கு முப்பது நிமிடம் தரப்பட்டது. நீண்ட பந்திகளில் நேரத்தைச் செலவிட்டு, இறுதி ஐந்து வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்திருக்கிறாள். முதற் பிரிவு சறுக்கினால் அடுத்த பிரிவை இலகுவாக்கித் தருவது இப்பரீட்சையின் இயல்பு. இலகு என்று மகிழ முடியாது. அதில் எல்லாம் சரியானாலும் புள்ளி ஓரளவுக்கு மேல் ஏறாது.

சொல்லாததை வாசிக்கும் வியாதியை நான் நன்கறிவேன். உப ஆசிரியராயிருந்த காலத்தில், அமைச்சரொருவர் "பரிசீலிப்பதாக"க் கூறிய செய்திக்கு "அரசு இணக்கம்" என்று தலைப்பிட்டு, மறுநாள் திருத்தம் வெளியிட நேர்ந்தவன் நான். ஆகவே அவளுக்குச் சொற்பட்டியலை மூடி வைக்கச் சொன்னேன். தினம் இரண்டு பந்திகள். விடையை நியாயப்படுத்தும் வரியை விரலால் தொட்டுக் காட்டவேண்டும். காட்ட முடியாத விடை, விடையன்று. நீண்ட பந்திகளைக் கடைசிக்கு ஒதுக்கவும் பழகினாள். ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போக இப்பரீட்சை இடமளிக்கிறது. இரண்டு தரம் எழுதியும் அதனை அவள் பயன்படுத்தியிருக்கவில்லை.

ஒக்டோபரில் மூன்றாந் தரம். மொழி 155, கணிதம் 165. விரும்பிய தரத்தின் பெறுபேற்றை மட்டும் அனுப்பும் ஏற்பாடு 2012 முதல் உள்ளதால், 146ஐயும் 147ஐயும் எந்தப் பல்கலைக்கழகமும் காணவில்லை.

2023 ஓகஸ்டில் அவள் புறப்படுவதற்கு முதல்நாள் கேட்டாள்: "நீங்கள் ஏ.எல். எத்தனை தரம் எடுத்தனீங்கள்?"

தரப்படுத்தலால் பொறியியற் பீடம் தவறியவன் என்றே எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றிய பேச்சு. ஐம்பது ஆண்டுகளாக அதனை நான் மறுத்ததில்லை. தரப்படுத்தல் அநீதி, என் வகுப்பிலேயே அதனால் வாழ்க்கை திசைமாறியோரை அறிவேன். ஆயினும் 1974இல் நான் பெற்ற புள்ளிகள், எந்த அளவுகோலால் அளந்தாலும், பொறியியலுக்கு எட்டாதவை. மறு ஆண்டு அதே குறிப்புகளை, அதே அரிக்கன் லாம்பின் முன், அதே ஒழுங்கிற் படித்தேன். மூன்று புள்ளிகள் கூடின. எங்கே பிழைத்தேன் என்று ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. குற்றஞ்சாட்ட ஒரு சட்டம் கைவசம் இருந்தது.

அவளிடம் இவற்றைச் சொன்னேன். சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரியுமோ?" என்றாள்.

தம்பிக்குத் தெரியாது. இதனை வாசித்தால் அறிந்துகொள்வான்.