கலப்பில் பிறந்த கனி

ஒரு பொருளின் பெயரைக் கேட்கின்றவன் அதன் வரலாற்றையும் சேர்த்தே கேட்கின்றான். ஆசிரியப் பணி எனக்குக் கற்பித்த பாடங்களுள் இதுவும் ஒன்று. 'இதன் பெயர் என்ன?' என்று மாணவன் வினவும்போது ஒரு சொல்லில் விடை கூறி முடித்துவிடலாம். ஆயினும் அச்சொல் எங்கிருந்து வந்தது, யார் சூட்டியது, எதனோடு உறவு காட்டுகிறது என்று தேடப் புகுந்தால், ஒரு பழத்தின் பெயர்கூட நம்மைக் கடல் கடந்து அழைத்துச் சென்றுவிடும்.

அத்தகைய வினா ஒன்று எனக்குத் துவாசில் கிடைத்தது. சிங்கப்பூரின் மேற்கு எல்லையில் உள்ள துவாஸ், முன்னாளில் மீனவர் வாழ்ந்த கடற்கரைச் சிற்றூர். இன்று அது தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த பகுதி. மலேசியாவோடு நம்மை இணைக்கும் இரண்டாம் பாலம் 1998இல் அங்கே திறக்கப்பட்டது. புதிய துறைமுகம் 2022இல் முறைப்படி திறக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்து உழைக்கும் இளைஞர் பலர் அங்குள்ள ஊழியர் தங்கும் விடுதிகளில் வாழ்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுள் சிலரோடு அமர்ந்து தமிழ் நூல்கள் படிப்பது என் வழக்கம்.

ஒரு நாள் அவர்களுள் ஒருவர் மஞ்சள் நிறப் பழம் ஒன்றைக் கொண்டு வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் அதைச் சாத்துக்குடி என்றார். அறந்தாங்கிக்காரர் மறுத்தார். "இது பம்பளிமாசு. அளவுதான் சிறுத்துவிட்டது" என்பது அவர் கட்சி. அறுத்துச் சுவைத்தபோது இனிப்பும் புளிப்பும் கசப்பும் ஒன்றாய் நாவில் நின்றன. "கடையில் கிரேப்ஃப்ரூட் என்று எழுதியிருந்தார்கள். கிரேப் என்றால் திராட்சை அல்லவா? ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றனர். அடுத்த ஞாயிறன்று சொல்வதாகக் கூறி விடைபெற்றேன். தேடிப் பார்த்ததில் தெரிந்தது இது: இருவர் கூற்றும் பாதி உண்மை. பம்பளிமாசு அப்பழத்தின் தாய். சாத்துக்குடியை உள்ளிட்ட இனிப்பு ஆரஞ்சு அதன் தந்தை.

இவ்விரு பெற்றோரும் நம் ஆசியாவைச் சேர்ந்தவர்கள். ஆனால் பிள்ளை பிறந்த இடம் வேறு. ஐரோப்பியர் இனிப்பு ஆரஞ்சையும் பம்பளிமாசையும் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். பம்பளிமாசின் விதையைப் பார்படோசில் இறக்கியவர் ஷாடாக் என்னும் கப்பல் தலைவர் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. ஆங்கிலத்தில் அப்பழத்திற்கு ஷாடாக் என்ற பெயரும் உண்டு. அடுத்தடுத்து நின்ற அவ்விரு மரங்களின் பூக்களில் மகரந்தம் கலந்தது. யாரும் திட்டமிடாமல் ஒரு புதிய கனி தோன்றிற்று. 1750இல் பார்படோசின் இயற்கை வரலாற்றை எழுதிய கிரிஃபித் ஹியூஸ், 'விலக்கப்பட்ட கனி' என வழங்கிய ஒரு பழத்தைக் குறிக்கின்றார். பிற்காலத்தார் அதனை இப்பழத்தோடு இணைத்துப் பேசுவர். 1814இல் ஜமைக்காவின் தாவரங்களைப் பற்றி எழுதிய ஜான் லூனன், சுவை திராட்சையை ஒத்திருப்பதால் கிரேப்ஃப்ரூட் என்ற பெயர் வந்தது என்றார். திராட்சையைப் போலக் கொத்தாய்க் காய்ப்பதே காரணம் என்பது இன்று பலரும் கூறும் விளக்கம். 1830இல் ஜேம்ஸ் மக்ஃபாடியன் இதனைத் தனிச் சிற்றினமாகக் கொண்டு 'சிட்ரஸ் பாரடைசி', அஃதாவது விண்ணுலகத்துக் கனி, எனப் பெயரிட்டார். விலக்கப்பட்டது விண்ணுலகம் ஏறிய கதை இது.

தனிச் சிற்றினம் என்ற அந்த முடிவு இன்று நிற்கவில்லை. இக்குடும்பத்தை வகைப்படுத்துவதில் அறிஞரிடையே எழுந்த கருத்து வேறுபாடு பெரிது. அமெரிக்கரான ஸ்விங்கிள் இப்பேரினத்தில் 16 சிற்றினங்களைக் கண்டார். ஜப்பானியரான தனாக்கா 162 என்றார். இருவரும் அதே மரங்களைத்தான் ஆராய்ந்தனர். கலப்பில் தோன்றியவற்றுக்கெல்லாம் தனித்தனித் தகுதி தருவதா என்பதே அவர்களுக்கிடையே இருந்த சிக்கல். 1970களின் நடுப்பகுதியில் ஸ்கோராவும், அவரை அடுத்து பாரெட், ரோட்ஸ் ஆகியோரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். நாம் உண்ணும் எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றுக்கு அடிப்படை மூன்றே சிற்றினங்கள். கடாரங்காய் போன்ற தடித்த தோலுடைய சிட்ரான் ஒன்று, மாண்டரின் ஆரஞ்சு ஒன்று, பம்பளிமாசு ஒன்று என்பது அக்கருத்து. பின்னர் மரபணு ஆராய்ச்சி இதற்கு வலுவூட்டியது. 2018இல் வெளிவந்த விரிவான ஆய்வு, மூல இனங்கள் பத்து என்றும், இப்பேரினத்தின் தொட்டில் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்றும் காட்டிற்று. நம் வில்வமும் விளாவும் கறிவேப்பிலையும் இதே பெருங்குடும்பத்து உறவினர் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அவ்வாராய்ச்சிகள் கூறிய செய்திகளுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தந்தையாகிய இனிப்பு ஆரஞ்சும் தூய இனம் அன்று. அது பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து பிறந்தது. மாண்டரினாவது தூயதா எனில், நாம் உண்ணும் மாண்டரின் வகைகள் பலவற்றிலும் பம்பளிமாசின் கூறு உண்டு. சீனப் புத்தாண்டுக் காலத்தில் தேக்கா சந்தைக்குச் சென்றால் ஈப்போவிலிருந்து வந்த பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் அருகருகே குவிந்திருக்கும். அக்குவியல்கள் ஒன்றுக்கொன்று அயலானவை என்று எண்ணி விலை பேசுகின்றோம். உண்மையில் அவை பழைய சம்பந்திகள்.

பெயர்களின் கதையும் இவ்வாறே கலந்து கிடக்கின்றது. பம்பளிமாசு என்ற நம் சொல்லுக்கும், டச்சு மொழியின் 'பொம்பெல்மூஸ்', பிரெஞ்சின் 'பாம்ப்லமூஸ்' ஆகியவற்றுக்கும் உள்ள உறவு செவிக்கே புலனாகும். ஆரஞ்சு என்பதோ வடமொழியின் நாரங்கம், பாரசீகத்தின் நாரங், அரபியின் நாரஞ்சு என்று மேற்கே பயணம் செய்து ஆங்கிலத்தை அடைந்த சொல். அதன் வேர் நம் நாரத்தையோடு தொடர்புடைய திராவிடச் சொல் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. புகுந்த வீட்டுக் கோலத்தில் தாய்வீடு திரும்பிய மகளை அடையாளம் காணாதது போல, நாம் அதனை ஆங்கிலச் சொல் என்று எண்ணுகின்றோம்.

கலப்பில் பிறந்தது நிலையற்றது என்று கருதுவோரும் உளர். இப்பழம் அக்கருத்தையும் மறுக்கின்றது. பம்பளிமாசின் விதையை ஊன்றினால் முளைப்பது தாயைப் போலவே இருக்கும் என்று உறுதி கூற இயலாது. கிரேப்ஃப்ரூட் விதையோ பெரும்பாலும் தாய்மரத்தின் மறுபதிப்பையே முளைப்பிக்கும். கருவுறுதலின்றித் தாயின் திசுவிலிருந்தே கரு உருவாகும் இயல்பு அதற்கு உண்டு. அவ்வியல்பு மாண்டரின் வழியே, ஆரஞ்சின் மூலமாக வந்தது. தாயிடம் இல்லாத நிலைபேற்றைத் தந்தை வழி கொடுத்தது.

தாய்வழி வந்த சொத்து ஒன்றும் உண்டு. என் போன்ற ஐம்பது கடந்தோர் அதனை அறிந்திருத்தல் நலம். 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், கிரேப்ஃப்ரூட் சாறு சில மருந்துகளின் அளவைக் குருதியில் பன்மடங்கு உயர்த்துவதைத் தற்செயலாகக் கண்டனர். அம்மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியைப் பழத்திலுள்ள ஃபூரானோகூமரின் என்னும் பொருள்கள் முடக்கிவிடுகின்றன. கொழுப்பைக் குறைக்க நான் உண்ணும் மாத்திரையும் அவ்வகையைச் சேர்ந்ததே. கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்கச் சொன்ன மருத்துவரிடம், பம்பளிமாசை உண்ணலாமா என்று கேட்டேன். "தாய்க்கும் அதே குணம்தான்" என்றார். வகைப்பாடு என்பது ஏட்டுக் கல்வி மட்டும் அன்று என்பதற்கு என் உணவு மேசையே சான்றாயிற்று.

நம் நாட்டின் மலரும் கலப்பினமே. ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் மலர்ந்த ஆர்க்கிட் அது. 1893இல் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அதனை உலகுக்கு அறிவித்தார். 1981இல் அது தேசிய மலராயிற்று. தூய இனங்கள் பல இருந்தும் கலப்பில் பிறந்த மலரையே இந்நாடு தன் அடையாளமாகத் தேர்ந்தது.

இவற்றையெல்லாம் நான் எழுதக் காரணம் தாவரவியல் ஆர்வம் மட்டும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் பேச்சுப் போட்டி ஒன்றில் என் மாணவி முதற்பரிசு பெற்றாள். அவள் தந்தை தமிழர், தாய் சீனர். பரிசளிப்பு முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னை அணுகி, "முழுத் தமிழ்ப் பிள்ளை யாருக்கேனும் கொடுத்திருக்கலாமே" என்றார். அம்மாணவி அருகில்தான் நின்றாள். கேட்டுவிட்டாள் என்பதை அவள் முகம் சொல்லிற்று. "நடுவர்கள் கேட்டது அவள் தமிழை, ஐயா. அதில் பாதி ஏதும் இல்லை" என்று அவள் செவியிலும் விழும்படி விடை கூறினேன்.

மனிதர் பழங்கள் அல்லர். மொழி குருதியில் வருவதும் அன்று. அது கேட்டும் பேசியும் படித்தும் வருவது. எனவே உவமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. ஆயினும் ஒன்று சொல்லலாம். தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்த சீனப் பெண் குழந்தைகள் இந்நாட்டில் பலர். அவர்கள் தமிழ்த் தாய்மாராகி நம்மிடையே வாழ்ந்தனர். 2011 முதல் பெற்றோர் இருவர் இனத்தையும் அடையாள ஆவணத்தில் சேர்த்துப் பதியவும் சட்டம் இடம் தந்துள்ளது. ஏடு இடம் தந்த பின்னும் நம் நாவு 'முழு', 'அரை' என்று அளந்துகொண்டிருத்தல் முறையோ?

ஆசிரியப் பயிற்சி பெற வருவோரிடம் நான் இதனைக் கூறுவதுண்டு. தாவரவியலார் இன்று கிரேப்ஃப்ரூட்டின் பெயரை எழுதும்போது நடுவே பெருக்கல் குறி ஒன்றை இடுவர். கலப்பினம் என்பதற்கு அதுவே அடையாளம். அக்குறி பழத்தின் பிறப்பை மறைப்பதில்லை. அதன் தகுதியைக் குறைப்பதும் இல்லை. வகுப்பில் பெயர் அழைக்கும்போது, இரு மரபுப் பெயர்களும் இணைந்த ஒரு பெயர் வருமாயின், அதனை முழுமையாக, தடுமாற்றமின்றி உச்சரியுங்கள். அப்பிள்ளைக்கு நீங்கள் கற்பிக்கும் முதல் தமிழ்ப் பாடம் அதுவாகவே இருக்கும்.