ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே இன்டர்நெட்டுக்கு வழி பண்ணிக்குங்க



தைப்பூச வேலையெல்லாம் முடிஞ்சதும் நம்ம கோயில் அன்பர்கள் பல பேர் சொந்தக்காரங்களைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குக் கிளம்புறீங்க. அதனால இதைச் சொல்றேன்.

போன வருஷம் தஞ்சாவூர்ல அக்காவுக்கு உடம்பு முடியலன்னு கிளம்பினேன். கோலாலம்பூர்லேருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம். நான் விமானத்துல இருக்கும்போதே அக்காவை வேற மருத்துவமனைக்கு மாத்திட்டாங்க. கிளம்பும் முன்னமே வீட்டு வைஃபையில இ-சிம் போட்டு வச்சிருந்தேன். இறங்கினதும் அக்கா மகன் அனுப்பின வாட்ஸ்அப் வந்துச்சு. நேரா அங்க போனேன். அக்கா என் கையைப் பிடிச்சுப் பேசினாங்க. மறுநாள் விடியக்காலையில இறைவனடி சேர்ந்துட்டாங்க.

அங்க போய் சிம் வாங்கினா பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ கேட்பாங்க. லைன் வர சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும்.

இ-சிம் போடுறவங்களுக்கு:
• உங்க ஹேண்ட்போன் அதை ஏத்துக்குமான்னு முதல்ல பாருங்க.
• பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். பேசுறது வாட்ஸ்அப்ல.
• மலேசிய சிம்மைக் கழட்டாதீங்க. பேங்க் எஸ்எம்எஸ் அதுலதான் வரும். அதோட டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்துங்க.
• வாட்ஸ்அப் நம்பரை மாத்தவான்னு கேட்டா, வேணாம்னு அமுக்குங்க.

பெரியவங்க யாருக்காவது உதவி வேணும்னா, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துல என்னைப் பாருங்க. ஹேண்ட்போனைக் கொண்டு வாங்க, சேர்ந்தே போட்டுடலாம்.

முருகா சரணம் 🙏