காசி ராஜாவின் கிணறு

இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் வேலை பார்த்த காலத்தில் எனக்கொரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால், வரைபடத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் ஊர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படித்தான் ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஸ்டோக் ரோ என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ‘மகாராஜாவின் கிணறு’ என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். ஏதோ மதுக்கூடத்தின் பெயர் என்று நினைத்தேன். அந்த நாட்டில் மதுக்கூடங்களுக்கு வைக்கிற பெயர்களுக்கு ஒரு கணக்கே கிடையாது.

போய்ப் பார்த்தால் நிஜமாகவே கிணறு. சில்டெர்ன் குன்றுகளின் மேல், பீச் மரக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். தெருவோரப் புல்தரையில், இரும்புத் தூண்கள் தாங்கிய ஒரு குவிமாடம். அதற்கடியில் பல்சக்கரங்கள் வைத்த இராட்டினம். இராட்டினத்தின் தலையில் தங்கநிற யானை ஒன்று, யாரோ கொலுவிலிருந்து எடுத்துவந்து வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி நின்றது. மாடத்தின் விளிம்பைச் சுற்றி எழுத்துகள் ஓடுகின்றன. முழுதும் படிக்க வேண்டுமானால் கிணற்றை ஒருமுறை பிரதட்சணம் வரவேண்டும். வந்தேன். இந்தியாவில் காசி மகாராஜா கொடுத்த கிணறு இது என்றது.

காசி ராஜாவுக்கு இங்கே என்ன வேலை?

ஊரில் சொல்லப்படும் கதை இது. ஸ்டோக் ரோவுக்குப் பக்கத்து ஊரான இப்ஸ்டென்னைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். கம்பெனி அதிகாரியாகக் காசிச் சீமையில் நெடுங்காலம் இருந்தவர். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்குடன் பேசிக்கொண்டிருந்தபோது, தன் ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். வறட்சிக் காலத்தில் வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா போட்டு அடித்தாளாம். ராஜா அதை மறக்கவில்லை. கிணறு வெட்டப் பணம் அனுப்பினார்.

நல்ல கதை. கொஞ்சம் அதிகமாகவே நல்ல கதை என்று எனக்குப் பட்டது. அடுத்த சில மாதங்கள் நூலகத்தில் கழிந்தன.

தண்ணீர்க் கஷ்டம் உண்மைதான். குன்று முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். (ரெடிங் வீட்டில் என் கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததும் அதே சுண்ணாம்புதான். வாராவாரம் வினிகர் ஊற்றிச் சுரண்டுவேன்.) மேலே இருக்கும் களிமண்ணில் தேங்குகிற குட்டைத் தண்ணீர்தான் ஊருக்குக் கதி. நல்ல ஊற்று வேண்டுமென்றால் பாறையைக் குடைந்துகொண்டு கீழே போகவேண்டும். போனார்கள். 368 அடி! அகலமோ நான்கே அடி. ஒருவர் குனிந்து வெட்டினால் இன்னொருவர் நிற்க இடமில்லை. எந்திரம் கிடையாது, எல்லாம் கைவேலை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரம் 365 அடி. ஒரு வாளி தண்ணீர் மேலே வர ஏறக்குறைய பத்து நிமிடம் சுற்றவேண்டியிருந்ததாம். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தபோது, அந்தப் பையனின் அம்மா இங்கே வரிசையில் நின்றிருந்தால் இன்னும் நாலு அடி போட்டிருப்பாள் என்று தோன்றியது.

வெட்டிய செலவு 353 பவுனும் சில்லறையும். பக்கத்து வாலிங்ஃபோர்ட் பட்டறையில் இரும்பு வேலை. கிணற்றைக் காவல் காக்க ஆள் வைத்து, அவர் குடியிருக்க ஒரு குட்டி வீடும் கட்டினார்கள். அவர் சம்பளத்துக்காக நாலு ஏக்கரில் செர்ரித் தோட்டம். தோட்டத்துக்கு ‘ஈஸ்ரீ பாக்’ என்று ராஜாவின் பெயரையே வைத்தார்கள். தண்ணீரை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பராமரிப்புக்குப் பழத்தை விற்கிற இந்த ஏற்பாட்டில் நம் கோயில் மானியத்தின் வாசனை அடிக்கிறது. இது யார் யோசனை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ரீட் 1831இல் ஆசம்கரில் ஊருக்காக ஒரு கிணறு வெட்டிக்கொடுத்தவர். ஆசம்கர் காசிக்குப் பக்கம். ஆக, ராஜா கொடுத்தது ஒருவகையில் மொய் திருப்பிச் செய்வது. அங்கே நீ வெட்டினாய், இங்கே நான் வெட்டுகிறேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். என்னை உறுத்தியவை தேதிகள். வேலை தொடங்கியது 1863 மார்ச் 10. அன்று வேல்ஸ் இளவரசருக்குக் கல்யாணம். கிணற்றைத் திறந்தது 1864 மே 24; அன்று விக்டோரியா ராணிக்குப் பிறந்தநாள். தாகத்துக்கு வெட்டிய கிணறு அரண்மனைப் பஞ்சாங்கம் பார்த்து நடந்திருக்கிறது. 1882இல் ஒருவன் சுட முயன்றபோது ராணி தப்பினார் அல்லவா, அதற்கும் காசியிலிருந்து செலவு செய்து ஸ்டோக் ரோ மக்களுக்கு ரொட்டியும் தேநீரும் சாப்பாடும் போட்டிருக்கிறார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, எனக்குக் கிளம்பிய பூதத்தின் பெயர் 1857.

சிப்பாய்க் கலகம் வெடித்த அந்த ஆண்டு ஜூன் 4 அன்று காசியில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்கப்போய்த் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. முன்னால் நின்றவர் கர்னல் நீல். அடுத்த வாரங்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆட்களை மரங்களில் தூக்கில் போட்டார்கள். நீல் நமக்குப் பழக்கமான பெயர்தான். சென்னைப் பட்டாளத்தோடு வடக்கே போனவர். அவர் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது. ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937இல்தான் அது எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்த நீல் காசியில் இருந்த நாட்களில் மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றார். ரீட் அப்போது ஆக்ராவில் மூத்த அதிகாரி. மற்ற வெள்ளையரோடு கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தவர். 1860இல் ஊர் திரும்பினார். அடுத்த மூன்றாண்டில் கிணறு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1860-61இல் கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே மழை பொய்த்துப் பெரும்பஞ்சம். அது காசி ராஜாவின் நிலமில்லை, அவரைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. ஆனாலும் எந்த ஊரின் தாகம் யார் காதுக்கு எட்டியது என்பது மனதை விட்டுப் போகவில்லை.

இதனால் ராஜாவைக் கைகழுவிவிட எனக்கு மனமில்லை. விசுவாசத்தைக் காட்டத்தான் நினைத்தார் என்றால் லண்டனில் ஆயிரம் பேர் கண்ணில் படுகிற இடம் இருந்தது. நம் சென்னை மாகாணத்து விஜயநகரம் மகாராஜா 1867இல் அப்படித்தான் ஹைட் பார்க்கில் குடிநீர் ஊற்று வைத்தார். அதை 1964இல் இடித்து எடுத்துவிட்டார்கள். அதே 1964இல் ஸ்டோக் ரோவில் நூற்றாண்டு விழா. இளவரசர் ஃபிலிப் வந்தார். கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து கிணற்றில் கலந்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்து, இராட்டினத்துக்கு வேலையில்லாமல் போயிருந்த காலம் அது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு இன்னொருமுறை போனேன். நாயோடு வந்த ஒரு மூதாட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஈஸ்ரீ பாக் என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

“அந்தப் பெயர் பலகையில் இருக்கிறது. நாங்கள் செர்ரித் தோட்டம் என்றுதான் சொல்வோம்.”

‘பாக்’ என்றாலும் தோட்டம்தான் என்றேன். ‘அப்படியா’ என்று தலையாட்டிவிட்டு, பழம் தின்ன வேண்டுமானால் ஜூலையில் வா, பறவைகளுக்கு முன்னால் எழுந்திருக்கவேண்டும் என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு போனார்.