மேசைக்கு முன்னே ஒரு மடல்



வெளிநாட்டுப் பயணம் புறப்படுகின்ற நம் குடும்பங்கள் விசாவையும் விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்கின்றன. உணவை மட்டும் பசி வந்த நேரத்துக்கு விட்டுவிடுகின்றன. பாரிஸ், லண்டன் போன்ற நகரங்களில் அதனால் பெரிய இடர் நேர்வதில்லை. துருக்கியர் கடையோ மொராக்கோ நாட்டவர் கடையோ கண்ணில் பட்டுவிடும். ஆனால், பெயர்பெற்ற சமையற்கலைஞர்கள் நடத்தும் உயர்தர உணவகமொன்றில் ஒரு வேளையேனும் குடும்பத்தோடு அமர்ந்து உண்ண விரும்பினால், பசித்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட இயலாது. நம்மைப் போன்றவர்களுக்கு முன்பதிவு என்பது நாற்காலியைப் பிடித்து வைப்பதோடு முடிந்துவிடுவதும் இல்லை.

"இவ்வளவு செலவில் ஒரு வேளை உணவா? இது வீண்விரயம் ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் வீண்விரயமே. எங்கள் வீட்டில் அந்தச் செலவுக்கு ஒரு காரணம் இருந்தது. எழுபது வயதைக் கடந்த என் உம்மா அவர்கள், காரைக்காலில் ஐம்பது ஆண்டுகளாகப் பிறருக்கு ஆக்கிப் படைத்தவர்கள். களரி நாட்களில் எல்லாச் சஹன்களும் கூடத்துக்குப் போன பின்னரே தமக்கென ஒரு கிண்ணத்தைத் தேடுவார்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாங்கள் பாரிஸ் செல்வதென முடிவானபோது, அங்கே பணிபுரியும் என் மகன், "வாப்பும்மாவை ஒரு நாளாவது உட்கார வைத்து, கைதேர்ந்த ஒருவர் சமைத்துப் பரிமாற வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றான். உம்மாவோ, "எனக்கு ரொட்டியும் பழமும் போதும் வாப்பா, நீங்க சாப்பிடுங்க" என்றார்கள். அவர்களை வெறும் ரொட்டியோடு அமர்த்திவிட்டு நாங்கள் உண்பதானால் அந்த விருந்துக்குப் பொருளே இல்லை. ஐயத்தோடு ஒரு கவளம் உண்ண வைப்பதோ அதைவிடக் கொடுமை.

இத்தகைய உணவகங்கள் நடைபெறும் முறையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மேசைகள் மிகச் சில. பல இடங்களில் உணவு வரிசை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். மீனும் காய்கறியும் விருந்தினர் எண்ணிக்கைக்கேற்பவே வாங்கப்படும். ஆகவே ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். கடன் அட்டை எண்ணையும் கேட்பார்கள். வராமற்போனாலோ கடைசி நேரத்தில் ரத்துச் செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த விதியைப் படித்த பின்னரே எண்ணைக் கொடுங்கள். ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும் உணவகங்கள் பாரிஸில் ஏராளம். ஆகஸ்ட் மாதத்தில் பல வாரக்கணக்கில் மூடிவிடும். மதிய உணவு அதே அடுக்களையிலிருந்து வந்தாலும் இரவு உணவைவிடப் பெரும்பாலும் விலை குறைவு.

மதியத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு விலை மட்டுமே காரணமன்று. ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் மறைவது ஏறத்தாழ இரவு 10 மணிக்கு! ஏழரை மணிக்கு அமர்ந்தால் உணவு வரிசையின் நடுவில் மஃக்ரிப் வந்து நிற்கும். ளுஹரோ பிற்பகல் இரண்டு மணியளவில்தான் தொடங்குகிறது. அஸர் மாலை ஆறையொட்டி. பன்னிரண்டரைக்கு அமர்ந்து மூன்று மணிக்கு எழுந்தாலும் தொழுகைக்குத் தாராளமாக நேரம் இருக்கும். டிசம்பரில் செல்வோருக்குக் கணக்குத் தலைகீழ். ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். இஷாவையும் முடித்துவிட்டு நிம்மதியாக இரவு உணவுக்குச் செல்லலாம். மேசை நேரத்தை முடிவு செய்யுமுன் தொழுகை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம்.

எந்த உணவகம் என்பதற்குப் பலரும் மிஷ்லின் வழிகாட்டியைப் பார்க்கிறார்கள். டயர் தயாரிக்கும் நிறுவனம் 1900இல் வாகன ஓட்டிகளுக்காக வெளியிடத் தொடங்கிய கையேடு அது. 1926இல் நட்சத்திரம் வழங்கலாயிற்று. 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை வந்தது. சுவைக்கு அது சாட்சி சொல்லும். நமது கேள்விக்கு அதில் விடை இல்லை.

அந்தக் கேள்வியை மடலாகத்தான் எழுத வேண்டும். "ஹலால் உணவு வேண்டும்" என்ற ஒற்றை வரி போதாது. ஐரோப்பியச் சமையற்காரர் பலர் அதனைப் 'பன்றி இறைச்சி வேண்டாம்' என்று மட்டுமே புரிந்துகொள்கின்றனர். ஆகவே என் மகன் பிரெஞ்சு மொழியில் விரித்து எழுதினான். இறைச்சியும் கோழியும் வேண்டாம். மீனும் காய்கறியும் மட்டும். இறைச்சி எலும்பில் காய்ச்சிய சாறு எதிலும் சேரலாகாது. ஒயின், பிராந்தி, ரம் ஆகியவை குழம்பிலும் கூடாது, இனிப்பிலும் கூடாது. பன்றிக்கொழுப்பு கூடாது. ஐரோப்பாவில் பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினும் கூடாது. கடுகு விழுது சிலவற்றில் வெள்ளை ஒயின் கலந்திருப்பதால் அதையும் குறிப்பிட்டான்.

இங்கே ஒரு சொல். இவற்றையெல்லாம் 'ஒவ்வாமை' என்று சொல்லிவிட்டால் வேலை எளிது என்று சிலர் யோசனை கூறினர். எனக்கு அது உடன்பாடில்லை. ஒவ்வாமை என்றால் உயிருக்கு ஆபத்து என்று அடுக்களையே பதறும். அவ்வாறு பதற வைத்துப் பெறும் உணவு நமக்கு எதற்கு? மார்க்கம் தடுத்திருக்கிறது என்று நேராக எழுதினால் மதிப்பவர் மதிப்பார்.

"சமைக்கும்போது மது ஆவியாகிவிடும்" என்று பதில் வரக்கூடும். மார்க்கத் தீர்ப்பு ஒருபுறமிருக்க, அந்தக் கூற்றே சரியன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, தீப்பற்ற வைக்கும் பண்டத்தில் ஆல்கஹாலின் முக்கால் பங்கு எஞ்சி நிற்கிறது. கால் மணி நேரம் கொதித்த பின்னும் 40 விழுக்காடு இருக்கும். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 விழுக்காடு மிஞ்சுகிறது.

மூன்று உணவகங்களுக்கு எழுதினோம். ஒன்று பதிலே தரவில்லை. மற்றொன்று, "எங்கள் குழம்புகள் யாவும் ஒயினை அடிப்படையாகக் கொண்டவை, தங்களுக்கென மாற்றினால் நன்றாக அமையாது, மன்னியுங்கள்" என்று எழுதிற்று. அந்த மறுப்பைப் படித்தபோது எனக்கு வருத்தம் தோன்றவில்லை, நன்றியே தோன்றியது. தலையாட்டிவிட்டு உண்மையை மறைத்திருந்தால் நாங்கள் என்ன செய்திருக்க முடியும்?

மூன்றாவது உணவகம் இரண்டு கேள்விகள் கேட்டது. நண்டு, சிப்பி, கணவாய் உண்பீர்களா? ஒயினிலிருந்து உண்டான வினிகர் ஆகுமா? கேள்வியைக் கண்டவுடனே இவர்கள் மெய்யாகவே சமைக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். விடை எழுதுவதுதான் எளிதாயில்லை. நாங்கள் ஷாஃபிஈ, என் மனைவியோ திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. உம்மா நண்டை விரும்பி உண்பார்கள், மருமகள் தொடமாட்டார். ஒரே மேசையில் இரு மத்ஹபுகள்! வினிகர் பற்றிய சட்டத்திலும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆலிம்கள் ஆராயட்டும் என்று விட்டுவிட்டு, "செதிலுள்ள மீன் மட்டும்; வினிகருக்குப் பதிலாக எலுமிச்சை" என்று இருவருக்கும் பொதுவாக எழுதிவிட்டோம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதைத் தடுக்கும் நபிமொழியை நினைவில் கொண்டு, எங்கள் மேசையில் மதுக்கிண்ணமே வைக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டோம். மற்றவர் குடிக்கும் கூடத்திலிருந்து விலகிய சிறு அறை கிடைக்குமா என்றும் வினவினோம். கிடைத்தது. இதில் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

இரண்டு நாட்களுக்கு முன் தொலைபேசியில் மீண்டும் உறுதி செய்துகொண்டோம். இதைத் தவிர்க்காதீர்கள். மடலைப் படித்தவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

அன்று பச்சைப் பட்டாணிச் சாறு வந்தது. பிறகு மீன். பிரெஞ்சுக்காரர் மீனுக்கு ஊற்றும் வெண்ணெய்க் குழம்பு வெள்ளை ஒயினில் தொடங்குவது. எங்களுக்காக மீன்முள் சாற்றிலும் எலுமிச்சையிலும் செய்திருந்தார்கள். இறுதியில் ஸ்ட்ராபெரிப் பழம். ஒவ்வொரு தட்டு வரும்போதும் பணியாளர் அதில் என்னென்ன உள்ளதெனச் சொன்னார், மகன் மொழிபெயர்த்தான். உம்மா பிஸ்மி சொல்லி, தயக்கமின்றி உண்டார்கள். யாருக்கு எது குறைகிறதென்று பார்க்க ஒருமுறைகூட எழவில்லை.

பிரான்சில் பில்லில் காட்டும் விலையிலேயே பரிமாறும் கட்டணம் அடங்கியிருக்கும். தனியே இனாம் தருவது உங்கள் விருப்பம். குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். புட்டியில் வரும் தண்ணீருக்கு விலை உண்டு.

புறப்படும் வேளையில் சமையற்கலைஞர் அறைக்கு வந்து நலம் விசாரித்தார். உம்மா பேரனைப் பார்த்து, "மீன் தோலு சட்டியில ஒட்டாம எப்புடி வந்துச்சுன்னு கேளு" என்றார்கள். மீனைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, சட்டி நன்றாகக் காய்ந்த பின் போட்டு, அது தானாக விடும்வரை புரட்டாமலிருக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். உம்மா என் மனைவியின் பக்கம் திரும்பினார்கள். "முப்பது வருசமா நானும் இதத்தானே சொல்றேன் மருமவளே!"